புதிய காரா, பழைய காரா?



2025ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாலைப்பொழுது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கணக்குப் பயின்ற மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். கோவையில் சிறியதொரு வார்ப்பட ஆலையை நடத்தி வருபவர் அவர். நலம் உசாவிக் காப்பி அருந்திய பின்னர், சற்றுத் தயங்கி அவர் சொன்னார்:

"ஐயா, கார் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். நடுத்தர அளவுச் சொகுசுக் கார். புதியதாக வாங்கினால் எழுபது இலட்சம் சொல்கிறார்கள். அதே இனத்தில் ஐந்தாண்டு ஓடிய வண்டி ஒன்றை முப்பத்தோர் இலட்சத்துக்கு முடித்துத் தருவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். எதை வாங்குவது?"

"காரைப் பற்றி என்னிடம் ஏன் தம்பி கேட்கிறாய்? கணக்கைப் பற்றிக் கேள்" என்றேன்.

"கணக்கைத்தான் ஐயா கேட்க வந்தேன்" என்றார் அவர்.

அன்று இருவரும் ஒரு தாளை வைத்துக்கொண்டு போட்ட கணக்கையும், அக்கணக்கில் அடங்காமல் வெளியே நின்ற ஒரு பொருளையும் உங்களுக்கு எடுத்துரைக்க விழைகிறேன். உங்களிற் பலர் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கார் வாங்கப் போவதில்லை. ஆயினும் பயன்படுத்திய பொருளை வாங்குவோர் அனைவருக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

முதலில், நடுத்தர அளவுச் சொகுசுக் கார் என்பது யாது? முன்னே என்ஜினுக்கு ஒரு பகுதி, நடுவே மக்களுக்கு ஒரு பகுதி, பின்னே சாமான்களுக்கு ஒரு பகுதி என மூன்று பெட்டிகளாக அமைந்த மூடு காரைச் செடான் என்பர். சொகுசுச் செடான்களில் சிறியவை, நடுத்தரமானவை, பெரியவை என மூன்று படிகள் உண்டு. பென்ஸ் நிறுவனத்தின் 'இ' வகுப்பு, பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் 'ஐந்தாம் வரிசை', ஆடி நிறுவனத்தின் 'ஏ6' ஆகியவை நடுப்படியைச் சேர்ந்தவை. ஐந்தாம் வரிசைக் கார் 1972இல் தோன்றியது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் சென்னையை அடுத்த தன் ஆலையில் 2007 முதல் கார்களை ஒன்றுகூட்டி வருகிறது. பென்ஸ் கார்கள் புனே நகரை அடுத்த சாக்கனில் உருவாகின்றன. பெயர் நடுத்தரமே ஆயினும் உருவம் சிறியதன்று. இந்தியாவில் 2024இல் வெளிவந்த 'இ' வகுப்பும் ஐந்தாம் வரிசையும் 5 மீட்டருக்கு மேல் நீளமுள்ளவை. பின்னிருக்கையில் அமர்வோர் காலை நீட்டுவதற்காக அவற்றின் நடுப்பகுதியை நீட்டியிருக்கிறார்கள். ஆகையால் வாங்க நினைப்பவர் முதலில் அளக்க வேண்டியது தம் வீட்டு வாயிலையும் கார்க் கொட்டகையையும்தான். அடுத்து, தாமே ஓட்டப் போகிறாரா, ஓட்டுநரை அமர்த்திப் பின்னே அமரப் போகிறாரா என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இனிக் கணக்கிற்கு வருவோம்.

புதிய காரின் விற்பனை விலை 70 இலட்சம் என்று கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் இத்தகைய பெரிய கார்களுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 40 என விதிக்கப்பட்டது. அவ்வாறாயின் 70 இலட்சத்தில் வண்டியின் விலை 50 இலட்சம். வரி 20 இலட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட வீதப்படி, 20 இலட்சத்திற்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு ஆயுட்கால வரி நூற்றுக்கு 20. அதனை 70 இலட்சத்தின் மீது கணக்கிட்டால் 14 இலட்சமாகும். ஆகக் கைவிட்டுப் போகும் தொகை 84 இலட்சம். இன்ஷூரன்ஸ் இதற்கு வெளியே. வண்டிக்கு 50 இலட்சமும் வரிகளுக்கு 34 இலட்சமும் கொடுத்தவராகிறார் அவர்.

அடுத்தது தேய்மானம். இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் குறிக்க ஓர் அட்டவணையைப் பின்பற்றுகின்றன. முதல் ஆறு மாதத்திற்குள் நூற்றுக்கு 5 கழிப்பர். ஓராண்டிற்குள் 15, இரண்டாண்டிற்குள் 20, மூன்றாண்டிற்குள் 30, நான்காண்டிற்குள் 40, ஐந்தாண்டிற்குள் 50 எனக் கழிவு ஏறும். இது விற்பனை விலையின் மீது மட்டுமே கணக்கிடப்படுவது; ஆயுட்கால வரி இதில் சேராது. ஆக, ஐந்தாண்டு நிறையும்போது நம் காரின் மதிப்பு 35 இலட்சம். சந்தையில் சொகுசுக் கார்கள் இதனினும் விரைவாக விலை இறங்குவதும் உண்டு. 84 இலட்சம் கொடுத்து வாங்கியதை 35 இலட்சத்துக்கு விற்றால் இழப்பு 49 இலட்சம். அறுபது மாதத்திற்கு வகுத்தால், பெட்ரோல் ஒரு சொட்டும் ஊற்றாமலே மாதம் ஏறத்தாழ 82 ஆயிரம் ரூபாய்.

தரகர் சொன்ன காரை 31 இலட்சத்துக்கு வாங்கி, மேலும் ஐந்தாண்டு ஓட்டி, 12 இலட்சத்துக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இழப்பு 19 இலட்சமே. தமிழ்நாட்டிலேயே பதிவான வண்டியாயின் முதலில் வாங்கியவர் கட்டிய ஆயுட்கால வரியே போதும். இரண்டாமவர் மீண்டும் கட்ட வேண்டியதில்லை. வேறு மாநிலத்து வண்டியாயின் இங்கே மறுபதிவு செய்து, வண்டியின் வயதிற்கேற்ப வரி கட்டியாக வேண்டும். வெளிமாநில வண்டி மலிவாகத் தோன்றும்போது இதனை மறத்தலாகாது.

இரு கணக்கையும் ஒப்பிட்டால் பழைய காருக்குச் சாதகமாக 30 இலட்சம் நிற்கிறது. செலவாகாமல் மிஞ்சும் 53 இலட்சத்தை நூற்றுக்கு 6 வட்டியில் இட்டால், ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கு மேல் வரும். என் மாணவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் பழையதே நல்லது, ஐயா" என்றார்.

"பொறு தம்பி. பழையது இவ்வளவு இலாபமாயின் உலகில் எல்லோரும் ஏன் பழையதையே வாங்கவில்லை?" என்று கேட்டேன்.

இக்கேள்விக்கு விடை கண்டவர் ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர். நம் ஊரில் புதுக் கார் வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிப் புறப்படுவோம். அமெரிக்க வழக்கிலோ, வாங்கிய பின்னரே பழுது வெளிப்படும் காருக்கு எலுமிச்சை என்று பெயர். அச்சொல்லையே தலைப்பில் வைத்து அவர் 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அக்கட்டுரையை மறுத்திருந்தன. இத்துறையில் செய்த ஆய்வுக்காகவே 2001இல் ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் என்னும் இருவரோடு சேர்த்து அவருக்கும் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவர் கருத்தை எளிய கணக்கால் விளக்குவேன். ஒரு சந்தையில் 100 பழைய கார்கள் நிற்கின்றன. அவற்றுள் 50 நல்லவை. ஒவ்வொன்றும் 36 இலட்சம் பெறும். எஞ்சிய 50 பழுதானவை. 20 இலட்சமே பெறும். எது நல்லது, எது பழுது என்பது விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. தெரியாதவன் என்ன செய்வான்? இரண்டிற்கும் நடுவாக 28 இலட்சம் கேட்பான். 36 இலட்சம் பெறும் காரை 28 இலட்சத்துக்குத் தர நல்ல காரின் உடைமையாளர் இசையார். வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டிற்குப் போய்விடுவார். பழுதான காருக்கு உரியவரோ மகிழ்ந்து நிற்பார். நல்லவை விலகியதை அறிந்த வாங்குபவன் தன் விலையை 20 இலட்சமாகக் குறைப்பான். முடிவில் சந்தையில் எலுமிச்சைகளே எஞ்சும். நல்ல காரை விற்க விரும்புவோரும் இருக்கிறார்கள். அதற்குத் தக்க விலை தர விரும்புவோரும் இருக்கிறார்கள். ஆயினும் இருவரும் சந்திப்பதில்லை. வாங்குபவனின் அறியாமை இடையே சுவராக நிற்கிறது.

பழைய காரின் விலைக் குறைவு முழுவதும் தேய்மானம் அன்று என்பது இதனால் விளங்கும். அதில் ஒரு பகுதி, வாங்குபவனின் அறியாமைக்காகக் கழிக்கப்படுவது. அறியாமையோடே வாங்கினால் அந்தக் கழிவு இலாபமாகாது. பின்னர் பட்டறையில் கட்ட வேண்டிய கடனாகிவிடும். அறிந்து வாங்கினால்தான் அது இலாபம்.

அறிவது எங்ஙனம்? நம் உழவர்கள் இதனை நெடுங்காலமாக அறிவர். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னர், பல்லைப் பிடித்து வயதைப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், நடக்கவிட்டுப் பார்ப்பர், ஏரில் பூட்டியும் பார்ப்பர். காருக்கும் பல் உண்டு, நடையும் உண்டு.

முதலாவது, ஆவணங்கள். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்திருக்க வேண்டும். ஆர்.சி.யில் வங்கிக் கடன் குறிக்கப்பட்டிருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் 35ஆம் படிவமும் பெற்று அக்குறிப்பை நீக்க வேண்டும். பெயர் மாற்றத்திற்கு 29, 30ஆம் படிவங்கள் உரியவை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்பவர் 14 நாளுக்குள் விற்பனையை அறிவிக்க வேண்டும்; வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். விற்பவர்களும் இதில் கவனமாயிருத்தல் நன்று. வண்டி கைமாறிய பின்னரும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உடைமையாளராகக் கருதப்பட்டு, விபத்து இழப்பீட்டிற்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, வண்டியின் வரலாறு. எந்த மாதத்தில், எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலை செய்யப்பட்டது என்பதற்குப் பட்டறை இரசீதுகள் சான்றாகும். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைத் திருத்திவிடலாம். ஐந்தாண்டு இரசீதுகள் அனைத்தையும் திருத்துவது கடினம். இன்ஷூரன்ஸ் இழப்பீடு எத்தனை முறை கோரப்பட்டது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, வண்டியின் உடல். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2320 என்றிருந்தால் 2020ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். 15 ஆயிரம் கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லும் காரில் டயர்கள் மாற்றப்பட்டிருந்தால், ஏன் என்று கேட்கலாம். பிரேக் மிதியின் இரப்பர் தேய்ந்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் நைந்திருந்தால், வண்டி சொல்லும் தூரமும் எண் காட்டும் தூரமும் வேறு என்று அறியலாம். என்ஜின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் கிளப்பிப் பார்ப்பது நல்லது. சூடேறிய என்ஜின் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். காற்றுத் தாங்கிகள் உள்ள காராயின் இரவு முழுவதும் நிறுத்திவைத்து, விடிந்ததும் ஒரு பக்கம் தாழ்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இக்கால வண்டிகளின் உள்ளே கணிப்பொறிகள் பல இருப்பதால், அவற்றில் பதிவான பழுதுகளைக் கருவியைச் செருகிப் படிக்கவும் வேண்டும். இவற்றை நாமே செய்ய இயலாது. விற்பவருக்கும் தரகருக்கும் வேண்டாத, அந்த இனக் காரில் பழகிய மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துச் செய்விக்க வேண்டும். அக்கூலியைச் செலவென்று எண்ணலாகாது.

நான்காவது, வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களை நாம் படங்களில் கண்டோம். நீரில் நின்ற கார் கழுவித் துடைத்தால் புதியது போல் பளபளக்கும். ஆனால் கம்பிகளின் இணைப்புகளிலும் மின்னணுப் பெட்டிகளிலும் புகுந்த ஈரம் மெல்ல மெல்ல அரிக்கும். மாதங்கள் கழித்து ஒவ்வொன்றாகப் பழுதாகும். சொகுசுக் காரில் இத்தகைய பெட்டிகள் மிகுதி. ஆகவே கேடும் மிகுதி.

இவற்றையெல்லாம் சொல்லி, "ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போய்ப் பார்" என்று அவரை அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். கார் மிக அழகாயிருந்ததாம். 31 இலட்சத்துக்கு மேல் வேறொருவர் கேட்டிருப்பதாகத் தரகர் அவசரப்படுத்தினாராம். மெக்கானிக் என்ஜினைத் தொடவேயில்லை. பின்னிருக்கையில் அமர்ந்து இடுப்புப் பட்டையை முழு நீளத்திற்கும் இழுத்தார். எப்போதும் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு ஒன்று இருந்தது. கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க, இருக்கையைப் பிணைக்கும் மறைகளில் துரு. இருக்கை மட்டம் வரை நீரில் நின்ற வண்டி அது. தரகர், "எனக்கும் தெரியாதே" என்றாராம்.

"அந்தக் கோட்டைப் பார்க்காமலிருந்தால், ஐயா, ஆலையில் சூளை மாற்ற வைத்திருந்த பணம் அத்தனையும் போயிருக்கும்" என்றார். அவர் குரல் இன்னும் நடுங்கியது.

அப்போதுதான் நான் இன்னொன்றையும் சொன்னேன். நல்ல காரே கிடைத்தாலும், அதன் தீனியையும் கணக்கிட வேண்டும். யானை வாங்கப் பணம் இருந்து, அங்குசம் வாங்கப் பணம் இல்லை என்றொரு வழக்கு நம்மிடம் உண்டு. ஐந்தாண்டில் காரின் விலை பாதியாகிறது. ஆனால் அதன் டயரோ, பிரேக் வட்டோ, கியர்ப் பெட்டியோ, முகப்பு விளக்கோ பாதி விலைக்குக் கிடைப்பதில்லை. முப்பது இலட்சத்துக்கு வாங்கினாலும் அது எழுபது இலட்சத்துக் கார்தான். உதிரிப் பொருள் கடைக்காரர் அதை எழுபது இலட்சத்துக் காராகவே நடத்துவார். வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை முதல் ஆண்டின் பழுதுகளுக்கென ஒதுக்க இயலாதவர் அதே பணத்தில் புதிய சாதாரணக் கார் ஒன்றை வாங்குவதே அறிவுடைமை.

இரண்டு மாதம் சென்று அவர் ஒரு காரை வாங்கினார். அதே இனம், அதே வயது. ஈரோட்டு வணிகர் ஒருவருடையது. விலை 34 இலட்சம். முதற் காரைவிட மூன்று இலட்சம் கூடுதல். ஏன் தந்தார் தெரியுமா? அவ்வணிகர் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தை முன்னே வைத்தாராம். எண்ணெய் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள், வாயில் தூணில் உரசிய நாள், அதற்கு ஆன செலவு எல்லாம் அதில் இருந்தன. இரசீதுகள் பின்னே ஒட்டப்பட்டிருந்தன. "முன் பிரேக் வட்டு இரண்டும் இந்த ஆண்டு மாற்ற வேண்டியிருக்கும்" என்று அவரே முதலில் சொன்னார். மெக்கானிக் பார்த்ததும் நோட்டில் இருந்ததும் ஒத்துப்போயின. என் மாணவர் பேரம் பேசவில்லை.

அந்த நோட்டுப் புத்தகத்தின் விலை மூன்று இலட்சம் என்று நான் கணக்கிடுகிறேன். அகர்லாஃப் சொன்ன சுவரை இடித்தது அதுவே. கார் நிறுவனங்கள் தாமே சோதித்துச் சான்றளித்து விற்கும் பழைய கார்களுக்கு விலை கூடுதலாயிருப்பதும் இக்காரணத்தால்தான். உத்தரவாதம் தருதல், பெயரைக் காத்தல் ஆகியவை இந்நோய்க்கு மருந்து என்பதை அவரும் தம் கட்டுரையில் எடுத்துக்காட்டியிருக்கிறார். பொய் சொல்லும் தரகர் ஏமாந்தவரை மட்டும் கெடுப்பதில்லை. அதே சந்தையில் நிற்கும் நேர்மையானவரின் காருக்கும் விலையைக் குறைத்துவிடுகிறார்.

ஆக, புதியதா பழையதா என்பதற்கு என் விடை இது. பத்தாண்டிற்கு மேல் தாமே வைத்திருக்க எண்ணுபவர், கடன் இன்றி வாங்க இயன்றவர், புதியதை வாங்கலாம். தேய்மானம் நீண்ட காலத்தில் பரந்துவிடும். நான்கைந்து ஆண்டில் மாற்ற எண்ணுபவர் மூன்று முதல் ஐந்தாண்டு ஓடிய காரை, வரலாறு எழுத்தில் இருந்தால் மட்டும், வாங்கலாம். வரலாறு இல்லாத காரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடலாம். அவசரப்படுத்தும் தரகரிடம் ஒரு நாள் தவணை கேட்டுப் பாருங்கள். நல்ல கார் ஒரு நாளில் கெட்டுப்போவதில்லை.

உங்களிடம் இன்று கார் இல்லாதிருக்கலாம். மிதிவண்டி இருக்கும், தட்டச்சுப் பலகையுள்ள கணிப்பொறி இருக்கும். வாங்கிய நாளையும் பழுது பார்த்த நாளையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். என்றேனும் விற்கும் நாளில், உங்கள் சொல்லுக்கு அந்த நோட்டு சாட்சி சொல்லும்.